ஒரே பக்கத்தில் மூன்று உ

பர்மாவில் லேவாதேவி நடத்திய ஒரு குடும்பத்தின் பழைய பேரேடு, தட்டச்சு செய்யப்பட்ட பிரதியாகச் சில காலம் முன்பு என்னிடம் வந்தது. வீடு கானாடுகாத்தான் பக்கம். பேரேட்டை ஸ்கேன் எடுத்து, வெளியூரில் யாரிடமோ கூலிக்குக் கொடுத்து அடித்து வாங்கியிருந்தார்கள். பேரப்பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள், கூட்டெழுத்தும் கையெழுத்தும் அவர்களுக்குப் படிக்க வராது, அச்செழுத்தாக இருந்தால் படிப்பார்கள் என்று வீட்டு ஆச்சி நினைத்திருக்கிறார். ஆனால் பேத்திக்கு முதல் பக்கத்தின் முதல் வரியே பிடிபடவில்லை. நான் காரைக்குடியில் டிடிபி வேலை செய்பவன். கல்யாணப் பத்திரிகை, கிரையப் பத்திரம், கும்பாபிஷேக நோட்டீஸ் என்று நாள் முழுக்க விசைப்பலகையோடுதான் பிழைப்பு. அதனால் ஸ்கேனையும் பிரதியையும் அனுப்பி, ஒப்பிட்டுப் பார்த்துக் கொடுக்கச் சொன்னார்கள்.

பிரதியில் பக்கத்தின் உச்சியில் "உ" இருந்தது. பிள்ளையார் சுழி, சரி. அதற்குக் கீழே, "விபவ ளு ஆவணி மீ உ உ". ஸ்கேனைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கறுப்பு மையில், கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்த கையெழுத்தில், சுத்தமாக எழுதியிருந்தது: விபவ ௵ ஆவணி ௴ ௨ ௳. அதாவது விபவ வருடம் ஆவணி மாதம் 2ஆம் தேதி, 1928 ஆகஸ்ட். வருடக் குறி பார்வைக்கு ளு போல இருந்ததால் ளு ஆகிவிட்டது. மாதக் குறி மீ ஆகிவிட்டது. இரண்டு என்ற எண்ணும் உ, நாள் குறியும் உ, மேலே சுழியும் உ. எழுதியவர் மூன்று வெவ்வேறு காரியத்துக்காகப் போட்ட மூன்று குறிகள், அடித்தவர் விரலில் ஒரே எழுத்தாகிவிட்டன.

இது அந்தத் தட்டச்சாளர் மட்டும் செய்கிற காரியம் இல்லை. இணையத்தில் ஏற்றியிருக்கும் பழைய ஆவணங்களின் தட்டச்சுப் பிரதிகளைப் புரட்டினால் இந்த ளு, மீ, உ வரிசையைப் பார்க்கலாம். எண்களுக்கும் இதே கதிதான். ஒன்று ௧ க ஆகும், ஏழு ௭ எ ஆகும், எட்டு ௮ அ ஆகும், பத்து ௰ ய ஆகும், நூறு ௱ ள ஆகும். கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. கணினிக்கோ அது முழுக்க வேறு பொருள். "௮" எட்டு. "அ" வெறும் அகரம். அந்தப் பேரேட்டை எக்செல்லில் போட்டுக் கூட்டிப் பார்க்க நினைத்தாலும், ஒரு குறிப்பிட்ட தேதியின் பற்றுகளைத் தேட நினைத்தாலும், அந்தப் பிரதியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தேடல் கட்டத்தில் ௳ போட்டால் ஒன்றும் கிடைக்காது. உ போட்டால் பக்கத்துக்கு ஐம்பது வந்து நிற்கும்.

எனக்கு இதில் வருத்தம் அதிகம். ஒரு குடும்பத்தின் நூறு வருடக் கணக்கைப் பாதுகாக்கிறோம் என்று நம்பிச் செலவு செய்கிறார்கள். செட்டிநாட்டில் காகிதத்தைப் பத்திரப்படுத்தும் வழக்கம் உண்டு. கோட்டையூரில் ரோஜா முத்தையா தன் வீட்டில் சேர்த்து வைத்த நூல்களும் பத்திரிகைகளும்தான் இன்று சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக நிற்கின்றன. மறுபக்கம், வீடுகள் பிரியும்போது பெட்டகத்தில் கிடந்த ஏடுகள் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழைய சாமான் கடைகளுக்குப் போய், ஒற்றை ஒற்றைத் தாளாக விலைபோவதையும் பார்த்திருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் யாராவது ஒருவர் ஸ்கேன் எடுத்துத் தட்டச்சு செய்ய முன்வருவது பெரிய விஷயம். அப்படிச் செய்த பிரதி, எழுதியவர் எழுதாத எழுத்துகளோடு அடுத்த தலைமுறைக்குப் போகக் கூடாது.

ஆச்சி கேட்டது

திருத்திய முதல் சில பக்கங்களை அச்செடுத்துக்கொண்டு நேரில் போனேன். முகப்பைத் தாண்டி வளவில் உட்கார்ந்திருந்தார் ஆச்சி. பழைய பிரதியும் பக்கத்தில் இருந்தது. தாளைக் கையில் வாங்கியதும் என்னிடம் விளக்கம் எதுவும் கேட்கவில்லை. விரலை வரிக்குக் கீழே வைத்து, "விபவ வருசம் ஆவணி மாசம் ரெண்டாந் தேதி" என்று கடகடவெனப் படித்துக்கொண்டே போனார். வரவுக் குறி வந்தால் வரவு, பற்றுக் குறி வந்தால் பற்று, ஓரிடத்திலும் நிற்கவில்லை. சின்ன வயதில் வீட்டுக் கணக்குப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பழகியதாம். அப்புறம் பழைய பிரதியை எடுத்துக் காட்டினார்.

"அவுக மாசக் குறி போட்டிருக்காக. இதுல என்னமோ மீ மீன்னு போட்டிருக்கு. பேத்தி போன்ல கேக்குறா, மீன்னா என்ன அப்பத்தான்னு. அந்தக் குறியெல்லாம் கம்ப்யூட்டர்ல கெடையாதா தம்பி?"

"இருக்கு ஆச்சி. வந்து ரொம்ப வருசமாச்சு. விசைதான் கெடையாது."

"விசை இல்லாம இருந்தா அது எப்புடி இருக்குறதாகும்?"

சாதாரணமாகத்தான் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு வீடு திரும்பும்போதும் அதற்கப்புறமும் இந்தக் கேள்வி மனதை அரித்துக்கொண்டே இருந்தது. ஏனென்றால் எங்கள் துறையில் எல்லோரும் எதிர்த்திசையில் யோசித்துப் பழகிவிட்டோம். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் எண் கொடுக்கும் யூனிகோடில் ஒரு குறிக்கு எண் ஒதுக்கிவிட்டால் "தமிழ்க் குறி கணினியில் ஏறிவிட்டது" என்று கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான், அதில் குறை சொல்ல மாட்டேன். ௳ முதல் ௺ வரையிலான எட்டுக் குறிகள் 2003இல் வெளிவந்த யூனிகோடு 4.0இல் சேர்ந்தன: நாள், மாதம், வருடம், பற்று, வரவு, மேற்படி, ரூபாய், எண். தமிழ்ச் சுழியம் ௦ 2005இல் வந்தது. 2019இல் யூனிகோடு 12.0 இன்னும் 51 குறிகளைத் தனித் தொகுதியாகக் கொண்டுவந்தது. முந்திரி தொடங்கி முக்கால் வரை பின்னங்கள், ஆழாக்கு உழக்கு குறுணி போன்ற அளவைகள், காசு பணம் பொன் வராகன், நன்செய் புன்செய் உப்பளம், சொச்சம், வகையறா என்று நம் கணக்கேடுகளின் முழுச் சொத்தும் அதில் இருக்கிறது. இத்தனையும் பட்டியலில் ஏறி இத்தனை வருடம் ஆன பிறகும் கூலிக்கு அடிப்பவர் ளு, மீ, உ என்றுதான் அடிக்கிறார். அவரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? பக்கத்துக்கு இவ்வளவு என்று பேசி வேலை எடுத்தவர், கண்ணுக்குத் தெரியும் விசையைத்தான் அழுத்துவார்.

வணிகக் குறிகளின் கதையை இதோடு வைத்துப் பாருங்கள். @ என்பது மேல்நாட்டு வியாபாரிகளின் கணக்குக் குறி. பத்து மூட்டை, மூட்டை இன்ன விலை வீதம் என்று எழுதும் இடத்தில் அந்த "வீதம்" என்பதற்காகப் போட்டது. நம் வரவுக் குறி ௷, பற்றுக் குறி ௶ போல அதுவும் பேரேட்டில் பிறந்து வளர்ந்ததுதான். ஆனால் அதற்குத் தட்டச்சு இயந்திரத்தில் ஒரு விசை கிடைத்தது. அங்கிருந்து கணினி விசைப்பலகைக்கும் வந்தது. 1971இல் ரே டாம்லின்சன் மின்னஞ்சல் முகவரியில் ஆளையும் கணினியையும் பிரித்துக் காட்ட ஒரு குறி தேடியபோது, யார் பெயரிலும் வராத இந்தக் குறி விசைப்பலகையில் தயாராக இருந்தது. இன்று உலகமே அதைப் போடுகிறது. கணக்குப்பிள்ளைக் குறி என்று அதை யாரும் ஒதுக்கி வைக்கவில்லை. விசை இருந்தது, விரல் போனது, புதிய வேலையும் கிடைத்தது.

இன்னும் பக்கத்து உதாரணம் நம் ரூபாய்க் குறி. உதயகுமார் வரைந்த ₹ வடிவத்தை மத்திய அரசு 2010 ஜூலை 15 அன்று ஏற்றது. அதே ஆண்டு அக்டோபரில் யூனிகோடு 6.0இல் அது சேர்ந்துவிட்டது. கொஞ்ச காலத்தில் கடையில் விற்கும் விசைப்பலகைகளில் 4 விசையின் ஓரத்தில் ₹ அச்சாகி வரத் தொடங்கியது. வலது ஆல்ட்டையும் 4ஐயும் சேர்த்து அழுத்தினால் வந்து விழுகிறது. தமிழ் ரூபாய்க் குறி ௹ யூனிகோடில் ஏறியது அதற்கு ஏழு வருடம் முன்னால். என் கடைக்கு வருகிறவர்களில் அதைக் கணினியில் அடிக்கத் தெரிந்த ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. ₹க்குக் கிடைத்த கவனத்தை நான் பொறாமையோடு பார்க்கவில்லை. ஒரு குறி ஜனங்கள் கையில் புழங்க என்னென்ன நடக்க வேண்டும் என்பதை அதை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். வடிவம், எண், எழுத்துரு, விசை, விசையின் மேல் அச்சு. ஐந்தில் ஒன்று குறைந்தாலும் ஜனங்கள் "ரூ." என்று அடித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

3061

இப்போது நடைமுறை. கையில் இருக்கிற கணினியிலேயே இந்தக் குறிகளை வரவழைக்கப் பல வழி உண்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சிரமம் உண்டு. விண்டோஸில் வேர்டு பயன்படுத்துகிறவர்கள் நம்லாக்கைப் போட்டுவிட்டு, ஆல்ட்டை அழுத்திப் பிடித்தபடி வலப்பக்க எண் கட்டையில் 3061 அடித்து ஆல்ட்டை விட்டால் ௵ வரும். 3060 மாதம், 3059 நாள். 3062 பற்று, 3063 வரவு, 3064 மேற்படி, 3065 ரூபாய். பாகைக் குறிக்கு 0176, பதிப்புரிமைக் குறிக்கு 0169, அரைக்கு 0189 என்று பத்திரிகை வேலை செய்கிறவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் எண்களோடு இவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் மேலே உள்ள எழுத்துப் பக்க எண் வரிசையில் அடித்தால் வராது. எண் கட்டை இல்லாத மடிக்கணினியில் இந்த வழி அநேகமாக அடைபட்டுவிடும். வேர்டில் வேலை செய்வது வேறு சில செயலிகளில் செய்யாது. சம்பந்தமே இல்லாத வேறொரு எழுத்து வந்து உட்காரும். இணையப் பக்கம் அடிக்கிறவர்களுக்கு ௵ என்று போட்டால் போதும், உலாவி அதைக் குறியாகக் காட்டிவிடும்.

கேரக்டர் மேப்பைத் திறந்து, தமிழ் எழுத்துருவைத் தேர்ந்து, கட்டங்களுக்கு நடுவில் தேடிப் பிரதி எடுத்து ஒட்டுவது இன்னொரு வழி. ஒரு கல்யாணப் பத்திரிகைக்கு அது போதும். "விசுவாவசு ௵ தை ௴" என்று ஒருமுறை போட்டால் வேலை முடிந்தது. எங்கள் பக்கத்துப் பத்திரிகைகளில் வருட, மாத, நாள் குறிகள் மூன்றும் இன்னும் உயிரோடு இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல். நான் வேலை பழகிய அச்சகத்தில், யூனிகோடுக்கு முந்திய பழைய எழுத்துரு ஒன்றில், இந்த மூன்றும் மூன்று விசைகளில் இருந்தன. ஆபரேட்டர் அண்ணன் பார்க்காமலே அடிப்பார். பழைய எழுத்துருக்களில் சிக்கல் நிறைய. தமிழ் வடிவத்தை ஆங்கில எழுத்தின் இடத்தில் ஒளித்து வைத்திருப்பார்கள். எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரியும். யூனிகோடு அந்தத் துன்பத்தைத் தீர்த்தது. ஆனால் யூனிகோடுக்கு மாறிய பிறகு அதே அண்ணன் "வருடம்", "மாதம்" என்று சொல்லாகவே அடிக்கத் தொடங்கினார். விரல் பழகிய விசை போனதும் குறியும் அவர் கையை விட்டுப் போய்விட்டது. இதை நான் கண்ணால் பார்த்தேன்.

பேரேட்டுக்கு வந்தால் இந்த வழிகளில் எதுவும் தாங்காது. ஒரு பக்கத்தில் முப்பது வரி, வரிக்கு நாலைந்து குறி. ஒவ்வொன்றுக்கும் ஆல்ட்டைப் பிடித்து நாலு இலக்கம் அடித்தால் மணிக்கட்டு போய்விடும். கணக்கு எழுதியவர் ஒரே இழுப்பில் போட்ட குறிக்கு நாம் ஐந்து விசை அழுத்துவது என்ன நியாயம்?

வலது ஆல்ட்

ஆகவே எனக்கென்று ஒரு விசைப்பலகை செய்துகொண்டேன். கீமேன் என்ற இலவச மென்பொருளில் சொந்தமாக விசை அமைப்பு எழுதிக்கொள்ளலாம். எந்த விசையோடு எது வர வேண்டும் என்று வரிக்கு ஒரு விதியாக எழுதினால் போதும், நிரலாளராக இருக்க வேண்டியதில்லை. தமிழ் அடிக்கப் பரவலாகப் புழங்கும் தமிழ்99 விசை அமைப்பை அப்படியே அடியில் வைத்தேன். இடக்கையில் உயிர், வலக்கையில் மெய் என்று விரலுக்குப் பழகிப்போனதைக் கலைக்க மனமில்லை. அதன் மேல் வலது ஆல்ட்டைச் சேர்த்தேன். வலது ஆல்ட்டோடு வ அழுத்தினால் ௵, ம அழுத்தினால் ௴, த அழுத்தினால் தேதிக்கு ௳. ப பற்றுக்கு, ர ரூபாய்க்கு. வரவுக்கும் வகரம்தான் வேண்டும், வருடம் அதை எடுத்துக்கொண்டதால் ஷிஃப்ட்டையும் சேர்த்து ௷ வைத்தேன். அதேபோல ஷிஃப்ட்டோடு ம என்றால் மேற்படிக்கு ௸. எண் வரிசையில் வலது ஆல்ட்டோடு 1 முதல் 9 வரை ௧ முதல் ௯. ₹ ஷிஃப்ட் 4க்கு நகர்ந்தது. ௰க்கு ய, ௱க்கு ள என்று வடிவம் ஒத்துப்போகும் விசைகளையே கொடுத்தேன், ௲க்கு ஆயிரத்தின் ஆ. இரண்டு மூன்று நாள் தடுமாற்றம் இருந்தது. இப்போது "௲௨௱௪௰௫", அதாவது 1245, என்பதைக் கண் ஸ்கேனில் இருக்கும்போதே விரல் அடித்துவிடுகிறது.

அதோடு தட்டச்சு வேலையின் தன்மையே மாறியது. முன்பு குறியைப் பார்த்ததும் இதற்கு எதைப் போட்டு ஒப்பேற்றலாம் என்றுதான் மனம் போகும். இப்போது இது எந்தக் குறி என்று கூர்ந்து பார்க்கிறேன். ஒரு பக்கத்தில் ௳ என்று நினைத்தது ௨ ஆக இருக்கலாமோ என்று சந்தேகம் வரும். வரியை மறுபடி படிப்பேன், முந்தின வரியின் தேதியோடு ஒப்பிடுவேன். விசை ஒன்றாக இருந்தபோது இந்தச் சந்தேகம் எழவே வழியில்லை.

பின்னங்களைச் சேர்ப்பதுதான் நெடுநாள் இழுத்தது. ரூபாய்க்கு 16 அணா இருந்த காலத்தில் வீசம், அதாவது 16இல் ஒன்று, ரூபாயில் ஓர் அணா. அரைக்கால் இரண்டு அணா, கால் நாலு, அரை எட்டு, முக்கால் பன்னிரண்டு. நூற்றுக்கு மாதம் முக்கால் வட்டி என்றால் வருடத்துக்கு 9 ரூபாய். வட்டித் தொழிலில் பின்னம் இல்லாமல் ஒரு வரி நகராது. 1957 ஏப்ரல் 1 முதல் நயா பைசா வந்து ரூபாய் நூறாகப் பிரிந்த பிறகு கணக்கேட்டில் இவற்றின் தேவை குறைந்தது. அதனால் இன்று கால் குறி கிட்டத்தட்ட வ போல இருப்பதைப் பார்த்து, தட்டச்சாளர் வ என்றே அடித்துவிடுகிறார், வட்டிக் கணக்கில் கால் ரூபாய் காணாமல் போகிறது. பெரும்பாலான கணினிகளில் இந்தப் பின்னங்களுக்கு எழுத்துரு இருக்காது, வெறும் கட்டம்தான் தெரியும். கூகுள் இலவசமாகத் தரும் நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் எழுத்துருவை நிறுவிக்கொண்டால் கட்டம் போய்க் குறி வரும். சிங்கப்பூர்ப் பேத்தியின் கணினியிலும் இதை நிறுவச் சொல்லி, கோப்பைப் பிடிஎஃப் ஆகவும் அனுப்பினேன். இப்போது அவர் ஏட்டில் வரவை மட்டும் தேடி எடுத்து, தன் பூட்டன் ரங்கூனில் எந்தெந்த விலாசத்தோடு, அதாவது எந்தெந்தக் கடையோடு, கணக்கு வைத்திருந்தார் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறார்.

தமிழ் விசைப்பலகை செய்கிறவர்களிடம் நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. வலது ஆல்ட் அடுக்கில் இந்த எட்டுக் குறிக்கும் எண்களுக்கும் நிலையான இடம் ஒதுக்குங்கள். எல்லோரும் ஒரே இடத்தில் வையுங்கள். விசையின் மேல் அச்சிட்டுத் தாருங்கள். ஆளுக்கொரு விதமாக வைத்தால் விரல் பழகாது. என் அமைப்பை நான் வேறு யாருக்கும் திணிக்காததற்கும் அதுதான் காரணம். கேட்பவர்களுக்கு மட்டும் அனுப்புகிறேன்.

என் அமைப்பில் ஒன்று இன்னும் முடிவாகாமல் நிற்கிறது. அடுத்ததாக ஒரு கோயிலின் பழைய புள்ளி வரிக் கணக்கு வந்திருக்கிறது. நகரத்தார் கணக்கில் கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி, துணையை இழந்தவர் அரைப்புள்ளி என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அதனால் அந்த ஏடு முழுக்க அரைக் குறி. யூனிகோடு தொகுதியில் அரைக்கு இரண்டு வடிவம் இருக்கிறது. வீசத்துக்கும் அப்படியே இரண்டு. என்னிடம் இருக்கும் ஏட்டில் இரண்டு கையெழுத்து, ஆளுக்கு ஒரு வடிவமாகப் போட்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டிலோ கோயிலிலோ பழைய புள்ளிக் கணக்கு இருந்தால், அரை வரும் வரியை மட்டும் படமெடுத்து அனுப்புங்கள், பெயர்களை மறைத்துவிடலாம். அதிகம் புழங்கிய அரை எதுவோ அதை ஷிஃப்ட் இல்லாமல் வலது ஆல்ட் அ விசையில் வைத்துவிடுகிறேன், மற்றது ஷிஃப்ட்டோடு இருக்கட்டும்.